சாலைக்குக் கீழே பச்சை

மாவட்டத் திட்ட அலுவலகம் பள்ளிக்கூடச் சுவரில் வரைபடத்தை ஒட்டிய அன்று, வாங்கேசி அதன் முன்னால் நெடுநேரம் நின்றாள். நைரோபியிலிருந்து வரும் சாலைக்குக் கீழ்ப்புறம் முழுக்கப் பச்சை. பச்சை என்றால் விளைநிலம். வீடு கட்டக் கூடாது, மனையாகப் பிரித்து விற்கவும் கூடாது. சாலைக்கு மேல்புறம் மஞ்சள். அங்கே என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். அவளுடைய மூன்று ஏக்கர் பச்சையில் விழுந்திருந்தது. சாலையைத் தாண்டினால் தங்கை நியாக்கியோவின் மூன்று ஏக்கர், மஞ்சளில்.

அப்பா நிலத்தைப் பிரித்தபோது மூத்தவள் என்று அவளைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் யோசிக்கவே இல்லை. ஆற்றோரத்துச் செம்மண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கல்மேடு தங்கைக்குப் போயிற்று. பதினெட்டு வருஷமாக அந்தப் பிரிவினையில் வாங்கேசிக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை.

"என்ன வாங்கேசி, உனக்குச் சேப்பங்கிழங்கு, தங்கச்சிக்கு மாடி வீடா?" என்று பின்னாலிருந்து யாரோ சீண்டினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

இரண்டே வாரத்தில் நியாக்கியோ மேட்டில் அரை ஏக்கரை விற்று, மீதியில் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டாள். வாங்கேசி களை கொத்தக் குனிந்தால் கல் லாரியின் சத்தம். நிமிர்ந்தால் எழும்புகிற சுவர். போதாததற்கு நியாக்கியோ வரப்பில் வந்து நின்று கேட்டாள்: "அக்கா, சமையக்கட்ட கிழக்க பாத்து வைக்கட்டுமா, ஆத்தப் பாத்து வைக்கட்டுமா?"

"உன் வீடு, உன் இஷ்டம். என்னை எதுக்குக் கேக்கற?"

அன்று உலையில் போட்ட பயறு கருகியதுகூட வாங்கேசிக்குத் தெரியவில்லை. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதித் தரலாம் என்று வரைபடத்தின் அடியில் போட்டிருந்தது. அவள் எழுதினாள். மேட்டு நிலத்தில் வற்றாத ஊற்று இருக்கிறது, அதுவும் நல்ல விளைநிலம், அதையும் பச்சையில் சேர்க்க வேண்டும் என்று. தன் நிலத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. தனக்கு இல்லாதது தங்கைக்கும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பத்து நாளில் செரோட்டிச் என்ற அதிகாரி மண்ணைத் துளைத்துப் பார்க்கும் இரும்புக் கம்பியோடு வந்து இறங்கினாள். வாங்கேசியையும் மேட்டுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். நியாக்கியோ எதுவும் தெரியாமல் மூன்று பேருக்கும் பால் டீ ஊற்றினாள்.

"இங்க ஊத்து இருக்கறதா மனு வந்திருக்கு," என்றாள் செரோட்டிச்.

நியாக்கியோ சிரித்துவிட்டாள். "ஊத்தா? குடிக்கற தண்ணிக்கே நான் ஆத்துக்கு எறங்கறேன் மேடம். எந்த மகராசன் எழுதினான்? அக்கா, நீயே சொல்லு, நாம சின்னதுலேருந்து ஓடுன எடம்தானே, இங்க ஊத்து பாத்திருக்கியா?"

வாங்கேசி டீயை ஒரு வாய் குடித்தாள். "மழைக்காலத்துல... கொஞ்சம் ஈரமா இருக்கும்."

செரோட்டிச் நாலு இடத்தில் கம்பியை இறக்கினாள். நாலிலும் முழங்கை ஆழத்தில் கல் தட்டியது. அவள் தாளில் எதையோ குறித்துவிட்டு, வெகு இயல்பாக வாங்கேசியிடம் நீட்டினாள். "மனு குடுத்தது நீங்கதானேம்மா? சோதனை முடிஞ்சதுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க."

நியாக்கியோ அக்காவின் கையிலிருந்த கோப்பையை, பாதி டீ மிச்சம் இருக்கும்போதே, வாங்கிக்கொண்டு பழைய வீட்டுக்குள் போய்விட்டாள்.

அப்புறம் கீழே ஆற்றோரத்தில் கம்பி பிடிவரை இறங்கிற்று. "இந்த மண்ணு மேல சிமெண்ட் கொட்ட விட்டா எங்களுக்குத்தான் பாவம்," என்றாள் செரோட்டிச். வாங்கேசிக்கு அது காதில் ஏறவில்லை.

திட்டம் அப்படியே நிறைவேறியது. ஐந்து மாதம் அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: பச்சை நிலங்களுக்குக் கோடையில் குழாய்த் தண்ணீர் தருவார்கள். ஆனால் வாங்கேசியின் நிலத்துக்குக் குழாய் மேட்டைத் தாண்டித்தான் வர முடியும். நியாக்கியோவின் கையெழுத்து வேண்டும்.

மூன்று நாள் தயங்கிவிட்டு வாங்கேசி மேடேறினாள். புது வீட்டின் படியருகே நின்றாள்.

"ஆபீசுக்கு மனு போடத் தெரிஞ்சுது, வீட்டுக்குள்ள வரத் தெரியலியா?" என்றாள் நியாக்கியோ உள்ளிருந்து.

"கையெழுத்து வேணும்."

"வயித்தெரிச்சலா அக்கா?"

"ஆமா," என்றாள் வாங்கேசி. பொய் சொல்ல அவளிடம் தெம்பு இல்லை. "இப்பவும்தான்."

நியாக்கியோ வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். "பதினெட்டு வருஷம் இங்கேருந்து உன் மக்காச்சோளத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன். உனக்கு ஆள் ஒசரம், எனக்கு முழங்கால். ஒரு வருஷம் உனக்குப் புழு விழுந்துச்சே, அன்னிக்கு நான் வயிறாறச் சாப்பிட்டேன், தெரியுமா? ஆனா எங்கயும் எழுதிப் போடல."

தங்கைக்கும் எரிந்திருக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் வாங்கேசிக்குத் தோன்றியதில்லை.

"பேனா குடு," என்றாள் நியாக்கியோ.

குழாய்க்குப் பள்ளம் தோண்டிய வாரம் வாங்கேசி தினமும் மேலே போனாள். வாசலை வெட்டாதே, சுற்றிக்கொண்டு போ என்று தங்கை வேலையாட்களை விரட்டினாள். சுற்றிப் போனால் தண்ணீர் வேகமாக வராது என்று அக்கா மல்லுக்கு நின்றாள். மேல்மாடிக்கு மரச்சட்டம் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் பேச்சு வந்துவிட்டது, முக்கால்வாசி சண்டைதான்.