எடைக்கு எடை

வீட்டில் இருந்த மிளகு மொத்தமும் ஒரு தட்டில் ஏறிவிட்டது. இன்னொரு தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த குப்பாயி கொஞ்சம்கூட மேலே எழும்பவில்லை.

தராசு வாசல் பலாமரத்துக் கிளையில் தொங்கியது. சேந்தமங்கலத்து மிளகு வியாபாரியிடம் இரவல் வாங்கி, வெள்ளையன் தலைச்சுமையாக மலையேற்றிக் கொண்டுவந்தது. அவன் சங்கிலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தான். அவனுடைய அம்மா ஆயம்மாள் உள்ளே போய், சமையலுக்கென்று எடுத்து வைத்திருந்த மிளகுச் சட்டியையும் கொண்டுவந்து மூட்டையின் மேல் கவிழ்த்தாள். தட்டு அசையவில்லை.

"காலத் தூக்கிக்க புள்ள. தரையில ஊனியிருப்ப."

"ஊனலீங்க அத்தை."

ஆயம்மாள் குனிந்து பார்த்தாள். மருமகளின் இரண்டு காலும் தட்டுக்குள்தான் இருந்தன. ஊனியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தவள்போல ஒரு பெருமூச்சு விட்டாள்.

"இன்னும் கால் மூட்டை வேணும்மா," என்றான் வெள்ளையன். "பங்காளி ஊட்டுல கேட்டு வாங்கியாரட்டுமா?"

"எங்க கொடியில காச்ச மொளகுன்னு சொல்லித்தான வேண்டிக்கிட்டேன்? ஊரார் மொளக வெச்சா அது ஊரார் வேண்டுதல். கொறைஞ்சா சாமி குத்தம்டா. புள்ளைக்குத்தான் வந்து விழுவும்."

குப்பாயி தட்டிலிருந்து இறங்கினாள். இடுப்பில் வந்து ஒட்டிக்கொண்ட மகள் கண்ணாயியைத் தூக்கிக்கொண்டாள். பிள்ளை அவள் கையிலிருந்த கண்ணாடி வளையலைக் கழற்றப் பார்த்தது. போன வருஷம் கையைத் தொங்கப் போட்டாலே கழன்று விழுந்த வளையல் அது. இப்போது சோப்புப் போட்டாலும் வராது.

கண்ணாயி பிறந்த பிறகு குப்பாயிக்கு என்ன வந்தது என்று மலைமேல் வளப்பூர் நாட்டு ஊர்களில் யாருக்கும் தெரியவில்லை. காய்ச்சல் இல்லை, கட்டி இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்தாள், அவ்வளவுதான். களி கொடுத்தால் மண்ணைத் தின்பதுபோல இரண்டு வாய் தின்பாள். பிள்ளை வீரிட்டு அழுதால், பக்கத்து வீட்டில் ஏதோ ஒரு பிள்ளை அழுவதாக அவளுக்குத் தோன்றும். அந்த வீட்டுக்காரி ஏன் தூக்காமல் இருக்கிறாள் என்றுகூட நினைப்பாள். பேய் என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள், கறுப்புக் கோழி அறுத்தார்கள். கோழியைத் தின்றவர்கள் தெம்பாக இருந்தார்கள். குப்பாயி எலும்பும் தோலுமானாள்.

ஒருநாள் அவள் பாறை விளிம்பில் போய்ச் சும்மா நின்றுகொண்டிருந்தாள். விறகுக்குப் போன ஆயம்மாள் பார்த்துவிட்டு, சுமையைப் போட்டுவிட்டு ஓடி, முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அன்று விளக்கு வைத்ததும் மஞ்சள் துணியில் காசு முடிந்து, தேம்பித் தேம்பி அழுதுகொண்டே சொன்னாள்: "பெரியசாமி, இவ எந்திரிச்சுப் புள்ளையத் தூக்கினா, வர்ற பங்குனிக்கு இவ எடைக்கு எடை எங்க கொடி மொளகு வெக்கறேன்." அந்த அழுகையில் பொய் இல்லை. மருமகள் அன்றிருந்த இருப்பில் மிளகு அதிகம் பிடிக்காது என்று கணக்குப் போட்டு அவள் வேண்டவில்லை. அந்தக் கணக்கு பிறகுதான் வந்தது.

சாமி ஒரு பக்கம் இருக்கட்டும் என்று வெள்ளையன் மூங்கில் கழியில் தூளி கட்டினான். மலைக்கு ரோடு வராத காலம். பங்காளிகளோடு மாற்றி மாற்றித் தூக்கி அடிவாரம் இறக்கி, சேந்தமங்கலத்தில் பஸ் ஏற்றி, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே ருக்குமணி என்ற டாக்டரம்மா இருந்தாள். எந்தப் பேய், எத்தனை நாளாக என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. "ராத்திரி தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டாள். குப்பாயிக்கு அப்போதுதான் அழுகையே வந்தது.

"இது மனசுல வர்ற நோவும்மா. பேயும் இல்ல, உன் தப்பும் இல்ல. இந்த மாத்திரைய விடாம சாப்பிடணும். பசி அதிகமா எடுக்கும், உடம்பு போடும். பயந்துக்கிட்டு நிறுத்திடக் கூடாது. நிறுத்தினா பழையபடி படுத்துடுவ."

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் ஒரு விடியற்காலையில் கண்ணாயி அழுதபோது, அது தன் பிள்ளையின் குரல் என்று குப்பாயிக்குத் தெரிந்தது. எழுந்துபோய்த் தூக்கினாள். ஆயம்மாள் அடுப்படியில் இருந்து பார்த்துவிட்டு, அங்கேயே சாமியை நோக்கி விழுந்து கும்பிட்டாள். மாதாமாதம் மலையிறங்கி மாத்திரை வாங்கி வருவது வெள்ளையன் வேலை. பேர் வாங்குவது பெரியசாமி வேலை. அப்படியே சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது.

பிறகுதான் பசி வந்தது. சாமைச் சோறு, மரவள்ளிக் கிழங்கு, பலாச்சுளை என்று எதைக் கண்டாலும் நாக்கில் ஊறியது. பெண்டுகள் கடைசியில் வழித்துத் தின்கிற வீட்டில் ஒரு மருமகளுக்கு இத்தனை பசி வரலாமா? ஊற்றில் தண்ணீர் எடுக்கும்போது மற்றப் பெண்கள் சிரித்தார்கள். "என்ன குப்பாயி, பலாக்காயாட்டம் ஆயிட்ட. மாமியா கவனிப்பா, பேயி கவனிப்பா?" அவளும் சிரித்து வைத்தாள். அடுத்த தடவை டாக்டரம்மாவிடம் கூச்சத்தோடு கேட்டபோது, களியைப் பாதியாக்கிக் கீரையைக் கூட்டச் சொன்னாள். மோரைக் குடிக்கச் சொன்னாள். மெல்ல மெல்லத்தான் இறங்கும், பொறுமையாக இரு என்றாள். குப்பாயி அப்படியே செய்தாள். பண்ணைக்கீரையும் முருங்கையும் பறித்து வேகவைத்து வயிற்றை நிரப்பினாள். தூரத்து ஊற்றுக்குத் தினமும் நடந்தாள். உடம்பு மேலே ஏறுவது நின்றுவிட்டது. கீழே இறங்கத்தான் நாளானது. நாள் இருந்திருந்தால் இறங்கியிருக்கும். தை முடிந்து மிளகு காய்ந்துவிட்டது, பங்குனித் திருவிழா வந்துகொண்டிருந்தது.

எடை போட்டுப் பார்த்த அன்று சாயங்காலம் ஆயம்மாள் மருமகளின் தட்டில் போட்ட களியில் பாதியைத் திரும்ப எடுத்துப் பானையில் போட்டாள்.

"அத்தை, கீழ்நாட்டுல எடைக்கு உப்பு வெக்கறாங்களாமா," என்றாள் குப்பாயி மெதுவாக. "நாமளும் உப்பு வெச்சா ஆவாதுங்களா?"

"சாமிகிட்டச் சொன்ன சொல்ல மாத்தறதா? நாக்கு அழுவிப் போயிரும்."

பூசாரி மாதனிடம் கேட்டார்கள். பெரியசாமி மிளகு ரசம் வைத்துக் குடிப்பதில்லை. தட்டில் விழுகிற மிளகு பூசாரி வீட்டுக்குப் போய், அங்கிருந்து தராசு கொடுத்த வியாபாரியிடமே போய்ச் சேரும். ஆகவே மாதன் சாமியின் சொல்லில் கறாராக இருந்தார்.

"மொளகுன்னா மொளகுதான். சாமிகிட்டப் பேரம் பேசக் கூடாது," என்றவர் குப்பாயியை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தன உடம்பு எப்படி வந்துச்சு?"

குப்பாயிக்குப் பொய் சொல்லத் தெரியாது. "மருந்துனால உடம்பு போடும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"அப்பறம் என்ன? மருந்த நிறுத்து. ஊதினது வத்திட்டுப் போவுது."

வீட்டில் யாருக்கும் இதுவரை தோன்றாத யோசனை. வேண்டுதலை மாற்ற முடியாது, மிளகுக் கொடியை மாற்ற முடியாது, தராசை மாற்ற முடியாது. மாற்றுவதற்கு மிச்சமிருந்தது மருமகள் ஒருத்திதான்.

"ஏனுங்க, நீங்களாச்சும் சொல்லுங்க," என்று குப்பாயி புருஷனைப் பார்த்தாள். "நிறுத்தவே கூடாதுன்னு உங்க முன்னாலதான அந்தம்மா சொல்லுச்சு. நான் இன்னும் கீரையே தின்னுக்கறேன். அந்த மாத்திரைய மட்டும் விட்டுருங்க."

வெள்ளையன் தரையைப் பார்த்தான். "பங்குனி வரைக்குந்தான புள்ள. திருவிழா முடிஞ்ச மக்யா நாளே நானே போயி வாங்கியாறேன்."

"கொறைஞ்சா புள்ளைக்கு ஆவாது கண்ணு," என்றாள் ஆயம்மாள். மிரட்டலாக அல்ல, உண்மையான பயத்தோடு சொன்னாள். குப்பாயி மடியில் தூங்குகிற கண்ணாயியைப் பார்த்தாள். பிறகு எழுந்து, கூரைச் செருகலில் இருந்த மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து மாமியார் கையில் கொடுத்தாள். பிள்ளைக்காகத்தான் அதைத் தின்ன ஆரம்பித்தாள், பிள்ளைக்காகவே நிறுத்தினாள்.

முதலில் பசி போனது. ஆயம்மாளுக்குச் சந்தோஷம். பிறகு தூக்கம் போனது, அது யார் கண்ணிலும் படவில்லை. கன்னம் ஒட்டியது, தோள் எலும்பு தெரிந்தது. "இப்பத்தான் பொம்பளையாட்டம் இருக்கற," என்று ஊற்றடியில் பாராட்டினார்கள். குப்பாயி குடத்தை நிரப்பிவிட்டு, அதைத் தூக்க வேண்டும் என்பதே மறந்து நின்றுகொண்டிருந்தாள். வெள்ளையன் இரண்டு தடவை அம்மாவிடம் வாயெடுத்தான். "இன்னும் கொஞ்ச நாளுதான் கண்ணு," என்று அவள் அடக்கிவிட்டாள். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் அம்மாவை எதிர்த்தாவது பேசியிருப்பான்.

திருவிழா அன்று கோயில் முன்னால் நட்ட கம்பத்தில் தராசு தொங்கியது. கொட்டு முழங்க, குப்பாயியைத் தட்டில் உட்கார வைத்தார்கள். வெள்ளையன் மூட்டையை அவிழ்த்து மிளகைக் கொட்டினான். மூட்டை காலியாகும் முன்பே தட்டு மேலே எழும்பியது. இன்னும் இரண்டு படி மிச்சம் இருந்தது. ஆயம்மாள் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள். கூட்டம் குலவை போட்டது.

மாதன் கையை உயர்த்திக் கொட்டை நிறுத்தினார். "செத்தவளாட்டம் கெடந்த பொம்பள. தூளியில தூக்கிட்டுப் போனத எல்லாரும் பாத்தீங்க. இப்ப எப்படி எந்திரிச்சு உக்காந்திருக்கறா பாருங்க. சொல்லு கண்ணு, உன்ன யாரு கொணமாக்கினது? உன் வாயால சொல்லு."

குப்பாயி தட்டில் இருந்தபடியே அவரைப் பார்த்தாள். பல நாளாக அவள் யாரையும் அப்படி நேராகப் பார்த்ததில்லை.

"மாத்திரைங்க," என்றாள். "இப்ப அத நிறுத்திட்டாங்க. எனக்கு மறுக்கா வந்திருச்சுங்க."

மாதன் கையை ஆட்டினார். கொட்டு மறுபடி முழங்கியது. பின்னால் நின்றவர்கள், அவள் சாமி பேரைத்தான் சொன்னாள் என்று நினைத்துக் குலவை போட்டார்கள். மாதனுக்கும் பக்கத்தில் நின்ற வெள்ளையனுக்கும் மட்டும் தெளிவாகக் கேட்டது.

மறுநாள் காலையில் அவன் சொன்னபடியே மலையிறங்கப் பையை எடுத்தான். மாதன் வாசலில் வந்து நின்றார். "சாமி கடனத் தீத்த பெறவு மருந்து வாங்கப் போறயாக்கும்? அப்ப சாமி கொணமாக்கலேன்னுதான அர்த்தம்? நேத்து உன் பொண்டாட்டி சொன்ன சொல்லுக்கே இன்னும் தெண்டம் வெக்கல. ஊருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லோணும்."

வெள்ளையன் வாசலிலிருந்து உள்ளே திரும்பினான். பிறகு பையை ஆணியில் மாட்டினான்.

சித்திரையில் பலா பழுத்து வீடெல்லாம் மணந்தது. குப்பாயி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆயம்மாள் சுளை எடுத்து அவள் வாயருகே நீட்டினாள், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள், தலையைத் தடவினாள், திட்டினாள், கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவள் வேண்டிக்கொண்ட தெய்வத்தின்மேலோ, எடைபோட்ட தராசின்மேலோ அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. எழுந்து மஞ்சள் துணியை எடுத்தாள். காசை வைத்து முடிந்தாள்.

"பெரியசாமி, மறுக்கா இவள எந்திரிக்க வெய்யி. இவ எடைக்கு எடை எங்க கொடி..."

அங்கே நிறுத்தினாள். மூலையில் திருவிழாவில் மிஞ்சிய இரண்டு படி மிளகு மூட்டையோடு இருந்தது. அதைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். அவனும் மூட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடைக்கு எடை உப்பு வெக்கறேன் சாமி," என்று முடித்தாள் ஆயம்மாள்.

அவள் நாக்கு அழுகவில்லை. வானமும் இடிந்து விழவில்லை. உப்பு என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதா என்பது தெரியவில்லை. முடிச்சைக் கூரையில் செருகிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

குப்பாயியின் கை பாய்க்கு வெளியே கிடந்தது. வளையல் அதிலிருந்து கழன்று தரையில் கிடந்தது. கண்ணாயி அதை எடுத்துத் திரும்ப அம்மா கையில் மாட்டினாள். மறுபடி கழன்றது. மறுபடி மாட்டினாள். பிறகு முதுகைப் பிடித்து உலுக்கி, "அம்மா, அம்மா," என்று அழ ஆரம்பித்தாள்.

பக்கத்து வீட்டில் ஏதோ ஒரு பிள்ளை அழுகிறது என்று குப்பாயி நினைத்துக்கொண்டாள்.