சாமியார் வைத்த வெளிச்சம்

கோபுரத்துக்கு விளக்குப் போட்டுத் தொலைத்தார்கள். ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாளன்று, தெயோபில் சாமியார் பொத்தானை அமுக்கினார். கோவிலைச் சுற்றி நட்டிருந்த எட்டு விளக்குகளும் ஒன்றாக எரிந்து, கிழட்டுக் கோபுரம் கல்யாண வீடு போல ஆகிவிட்டது. விடிய விடிய எரியுமாம். ஊரே கை தட்டியது, லுட்கார்டும் தட்டினாள். இப்போது அதை நினைத்தால் தன் கன்னத்திலேயே ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறது அவளுக்கு.

கோவில் மதிலை ஒட்டித்தான் அவள் தோட்டம். மூவாயிரம் தொட்டி, அத்தனையும் சாமந்தி. பெல்ஜியத்தின் இந்த மேற்கு ஃபிளாண்டர்ஸில் சாமந்திக்கு வருஷத்தில் ஒரே நாள்தான் மரியாதை. நவம்பர் ஒன்று, சகல புனிதர் திருநாள். அன்று தன் வீட்டுக் கல்லறையில் பூத்த தொட்டி வைக்காத குடும்பம் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அப்பன் உயிரோடு இருந்தபோது ஒரு கோப்பை காபி ஊற்றித் தராதவன்கூட அன்றைக்கு இரண்டு தொட்டி வாங்கிப் போவான். மறுநாள் பூக்கும் சாமந்தியை ஆடுகூடச் சீந்தாது.

இந்த வருஷம் லுட்கார்டுக்கே ஒரு கல்லறை இருந்தது. பிப்ரவரியில் அவள் கணவன் ஒதில், காலையில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவன், அப்படியே போய்ச் சேர்ந்தான். நாற்பது வருஷம் ஊரார் பிணங்களுக்குப் பூ வளர்த்தாயிற்று, இந்த முறை ஊரிலேயே பெரிய தொட்டி தன் ஆளுக்குத்தான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

செப்டம்பர் பிறந்தது. கொட்டகை நிழலில் இருந்த தொட்டிகளில் மிளகு போல மொட்டு. கோவிலைப் பார்த்து நின்ற மற்ற எல்லாத் தொட்டியிலும் இலைதான், கீரைப் பாத்தி கெட்டது போங்கள். லுட்கார்ட் நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தாள். சாமந்தி வெளிச்சம் பார்த்துப் பூக்கிற ஜாதி இல்லை, இருட்டை அளந்து பூக்கிற ஜாதி. ராத்திரி நீளுவது இலைக்குத் தெரியும். போதும், இனி மொட்டு வை என்று அது குருத்துக்குச் சொல்லி அனுப்பும். விடிய விடிய விளக்கு எரிந்தால் இலைக்கு இன்னும் கோடை. அது பாட்டுக்கு இலை மேல் இலையாக விட்டுக்கொண்டிருக்கும்.

சாமியாரிடம் போய்ச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா லுட்கார்ட், கடவுளோட வெளிச்சத்துல பூ பூக்காதுன்னு சொன்ன முதல் ஆளு நீதான்."

"கடவுளோட வெளிச்சம் எட்டு மணிக்கே அணைஞ்சிருது சாமி. இது கரண்டு வெளிச்சம்."

சாமியார் முகம் சுருங்கியது. சகல புனிதர் திருநாளுக்கு ஆயரே வந்து விளக்கை மந்திரிக்கப் போகிறார், அதுவரை ஒரு ராத்திரிகூட அணைக்க முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். லுட்கார்ட் கறுப்பு பிளாஸ்டிக் வாங்கித் தொட்டிகளை மூடிப் பார்த்தாள். கடல்காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய், காலையில் கோவில் வாசல் அந்தோணியார் கறுப்பு முக்காடு போட்டுக்கொண்டு நின்றார். அதற்கும் திட்டு அவளுக்குத்தான்.

எட்டாம் தேதி மறுபடி போனாள். சாமியார் வீட்டுத் தாழ்வாரத்தில் அவருடைய ஃபிஞ்ச் குருவி கூண்டில் உட்கார்ந்திருந்தது. பெயர் கார்டினல். இந்தப் பக்கத்து ஆண்களுக்கு வேதம் ஒன்றுதான், குருவிப் போட்டி. வசந்த கால ஞாயிறுகளில் தெரு ஓரமாகக் கூண்டுகளை வரிசையாக வைத்து, ஒரு மணி நேரத்தில் எவன் குருவி எத்தனை தரம் பாடுகிறது என்று குச்சியில் சாக்பீஸ் கோடு போடுவார்கள். சங்கத் தலைவர் சாமியாரேதான். போட்டி உள்ள ஞாயிறுகளில் பூசை இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும், கர்த்தரே அவசரப்பட வேண்டும்.

"எங்க ஒதிலும் குருவி வச்சிருந்தாரு, ஞாபகம் இருக்கா சாமி? கோடை முடிஞ்சா கூண்டைத் தெருவிளக்கு படாத பக்கமா மாத்திருவாரு. ராத்திரி நீளுறதைக் குருவி உடம்பு உணரணும். குளிர்காலம்னு ஒண்ணு வந்துட்டுப் போனாத்தான் அடுத்த வசந்தத்துல அதுக்குப் பாட்டு வரும். உங்க கார்டினலுக்கு மூணு வாரமா ராத்திரியே இல்ல. ஏப்ரல்ல வாயத் திறக்க மாட்டாரு."

சாமியார் கூண்டைப் பார்த்தார். "உள்ள எடுத்து வச்சிக்கிறேன்."

"நீங்க வச்சிக்குவீங்க. சங்கத்துல இன்னும் இருபத்தாறு கூண்டு இருக்கு. எல்லார் கொல்லையிலயும் உங்க வெளிச்சந்தான் விழுது. அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

அன்று சாயங்காலமே கோபுரம் இருண்டது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், ஒரு ஏழைக் கைம்பெண்ணின் பூக்களுக்காகத் திருச்சபை செய்த தியாகம் என்று சாமியார் உருகினார். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லுட்கார்ட் பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் சொன்னாள்.

அப்புறம் அவளுக்குத் தூக்கமில்லை. மொட்டு வைத்துப் பூக்க எட்டு வாரம் வேண்டும், கையில் ஏழரைதான் இருந்தது. மொட்டு வந்தது, பருத்தது, நிறம் காட்டியது. திருநாளுக்கு முந்தின நாள் எண்ணிப் பார்த்தாள். சொல்லி வைத்தவர்களுக்குச் சரியாகப் போதும், ஒதிலுக்கும் ஒன்று. மற்றதெல்லாம் இறுகிய பச்சை மொட்டு. ஒதிலின் தொட்டி வெள்ளை, இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க முடியாத அகலம்.

இருட்டப் போகிற நேரத்தில் பால்காரன் மனைவி ஹெர்மினா வந்து நின்றாள். அவள் மகளை ஜூலையில் புதைத்திருந்தார்கள். சொல்லி வைக்கவில்லை, வைக்க மனசு வரவில்லை என்றாள். ஒன்றும் மிச்சமில்லையென்றால் பரவாயில்லை என்றாள். அந்தப் 'பரவாயில்லை'யை லுட்கார்டால் தாங்க முடியவில்லை. வெள்ளைத் தொட்டியைத் தூக்கி அவள் வண்டியில் வைத்துவிட்டாள்.

மறுநாள் கல்லறைத் தோட்டம் முழுக்கப் பூ. ஆயர் மெச்சினார், சாமியார் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். ஒதில் மேல் மட்டும் ஒரு பச்சைத் தொட்டி. பூக்காரி புருஷனுக்குக் கீரையாம் என்று பின்னால் யாரோ சிரித்தது அவள் காதில் நன்றாகவே விழுந்தது. அவளுக்கு அழுகையாக வந்தது. குனிந்து, தொட்டி சாயாமல் மண்ணை அணைத்து வைத்தாள்.

"இன்னும் பத்து நாள் ஆகும்," என்றாள் அவனிடம். "உனக்கென்னய்யா அவசரம்?"