நீல உறைக்குள் இன்னோர் உறை

"அப்போ பெலுசா மட்டும் ஏன் இப்படி வயிறு வீங்கி இருக்கா?"

"மாசமா இருப்பா, கொமாத்ரே. ஊர்ல இருக்கிற அத்தனை நாயும் அவ பின்னாடிதானே சுத்துது."

"சிரிக்காதீங்க, கொம்பாத்ரே. தொட்டுப் பாருங்க."

நொல்பெர்த்தோ தொடவில்லை. கையில் பாதி கடித்த ரொட்டி இருந்தது. விரலில் வழிந்த வெண்ணெய்ப்பழத்தைச் சாக்காகக் காட்டிவிட்டு, கதவு நிலையிலேயே சாய்ந்து நின்றான்.

பெலுசா என்பது எங்கள் விகுன்யா ஊர்ச் சதுக்கத்தில் படுத்துக்கிடக்கும் ஒரு சடை நாய். ஆனால் நாங்கள் பேசியது நாயைப் பற்றி அல்ல. என் சமையலறை மேசைமேல் மூடி திறந்து கிடந்த பழைய ஐஸ் பெட்டிக்குள், நான்கு பேட்டரி செல்கள் நீல உறை போட்டு வரிசையாக நின்றன. சதுக்கத்து நாய்களின் பெயர்களைத்தான் அவற்றுக்கு வைத்திருந்தோம். சிவப்பு நகப்பூச்சால் எழுதியது நான். பெலுசா இரண்டாவது.

பெட்டியை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் செய்தோம். கரண்ட் இல்லாத மலைக்குத் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு போனால், வானத்தோடு சேர்ந்து அதைத் திருப்பும் மோட்டாருக்கு, கேமராவுக்கு, கண்ணாடியில் பனி படியாமல் சூடாக்கும் பட்டைக்கு, எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். கார் பேட்டரியைச் சுமந்து என் முதுகு வீணாகிக்கொண்டிருந்தது. அவன் பட்டறையில் உட்கார்ந்து, நான்கு புது செல்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ப்ளஸ்ஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ் என்று கட்டி, நாலும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை நாள்கணக்கில் காத்திருந்தோம். அதற்குப் பிறகுதான் வரிசையாக இணைத்தோம்.

"அவசரப்பட்டா ஒண்ணு பின்தங்கிடும். ஒண்ணு பின்தங்கினா நாலும் படுத்துடும்." அப்போது இதைச் சொன்னவன் அவன்தான்.

என் மகன் எலிசேயோவின் ஞானஸ்நானத்தில் மெழுகுவர்த்தி பிடித்தவனும் அவன்தான். அதுவரை வாடா போடா என்று பேசிக்கொண்டிருந்தவனைக் கோயில் படி இறங்கியதும் 'நீங்க, கொம்பாத்ரே' என்றேன். அவன் தொப்பியைக் கழற்றி, 'சொல்லுங்க, கொமாத்ரே' என்று குனிந்தான். பிள்ளையின் தாயும் ஞானத்தகப்பனும் அதற்குப் பின் ஒருவரையொருவர் நீ என்று கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால், ஏதோ உடைந்துவிட்டது என்று தெருவே புரிந்துகொள்ளும். முதலில் சிரிப்பு சிரிப்பாக வந்தது. பிறகு அதுவே எங்கள் பேச்சாகிவிட்டது.

"வெயில்ல வெச்சிருப்பீங்க," என்றான் இப்போது. "சூட்டுல கொஞ்சம் உப்பும்."

"மத்த மூணும் அதே வெயில்லதானே இருந்துச்சு?"

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு உடம்பு வாகு."

நான் காரின் பழைய ஹெட்லைட் பல்பைப் பெட்டியோடு மாட்டினேன். சுவரில் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. அவன் வருவதற்கு முன்பே ஒருமுறை இதைச் செய்து பார்த்திருந்தேன். அவனும் பார்க்கட்டும் என்றுதான் மறுபடி செய்தேன். மீட்டரின் முனைகளை ஒவ்வொரு செல்லாக வைத்துக்கொண்டே போனேன். மூன்றில் எண் அசையவில்லை. பெலுசாவில் மட்டும் படியிறங்குவதுபோல் இறங்கியது. கொஞ்ச நேரத்தில், எந்த செல்லும் அளவுக்குக் கீழே போய்விடாமல் காக்கும் சின்ன போர்டு தன் வேலையைச் செய்தது. மொத்தப் பெட்டியும் துண்டிக்கப்பட்டு, பல்பு அணைந்தது.

போன மாதம் மலையிலும் இதுவேதான் நடந்தது.

தோன்யா மிரேயா நடத்தும் வானம் பார்ப்போர் குழு எனக்கு ஒரு கேமரா இரவல் கொடுத்திருந்தது. நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். அப்படி ஒரு கேமராவைக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால்கூடப் பார்த்ததில்லை. ஒரு குறுங்கோள் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்துபோகும், சில விநாடிகள் அந்த நட்சத்திரம் இருக்காது என்றார்கள். பள்ளத்தாக்குக்குக் குறுக்கே வரிசையாக நிற்கும் ஒவ்வொருவரும் தங்களுக்குக் கிடைத்த இருட்டை அளந்து கொடுப்பார்கள். ஒவ்வோர் இருட்டும் ஒரு கோடு. கோடுகளை அடுக்கினால் கல்லின் உருவம் தெரியும். யாருமே பார்த்திராத ஒரு கல்லின் முகத்தில் ஒரு கோடு என்னுடையது என்று நினைத்தபடி மருந்துப் பொட்டலங்களை மாற்றிக் கொடுத்து இரண்டு பேரிடம் திட்டு வாங்கினேன்.

கிளம்புவதற்கு முன் மீட்டரில் பார்த்தபோது பெட்டி நிறைந்திருந்தது. இந்த வகை செல் அப்படித்தான். வேலை கொடுக்காமல் சும்மா கேட்டால் எப்போதும் நலம் என்றே சொல்லும். நட்சத்திரம் மறையச் சற்று முன்னால் மோட்டாரின் முனகல் நின்றது. கேமராவின் சிவப்புப் புள்ளி அணைந்தது. இருட்டில் கம்பிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது போனில் செய்திகள் வந்து விழுந்தன. 'கிடைச்சிருச்சு!' 'எனக்கும்!' 'எனக்கும்!'

குழு கூடியபோது நான் எழுந்து, "என் இணைப்புதான் தளர்ந்திருக்கும், திருகை நான்தான் சரியா முறுக்கலை" என்றேன். தோன்யா மிரேயா திட்டவில்லை. "அடுத்த தடவை பார்க்கலாம், மகளே" என்றார். கேமராவை இன்னொருவருக்குத் தரப்போவதாக மறுநாள் சொல்லி அனுப்பினார். கூட்டத்தில் நொல்பெர்த்தோ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். முதுகில் தட்டி, "யாருக்கும் நடக்கிறதுதான், கொமாத்ரே" என்று தன் தட்டிலிருந்த, கறி அடைத்துச் சுட்ட எம்பனாதாவை என் தட்டில் வைத்தான். அந்த அன்பில் எனக்குக் கண் கலங்கியது. சாப்பிட்டேன்.

இன்று மதியம் கேமராவை வாங்கிப்போக தோன்யா மிரேயா வருகிறார். திருப்பிக் கொடுப்பதற்கு முன், நான் எந்தத் திருகைத் தளரவிட்டேன் என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று பெட்டியைத் திறந்தேன். எல்லாத் திருகும் இறுகித்தான் இருந்தன.

"கொம்பாத்ரே, அந்தப் பழக்கத்தியை எடுங்க."

"எதுக்கு?"

"பெலுசாவுக்குப் பிரசவம் பாக்கப்போறேன்."

அவன் சிரிக்கவில்லை. கத்தியையும் எடுக்கவில்லை. நானே எட்டி எடுத்தேன். பெலுசாவின் இணைப்புப் பட்டைகளைக் கழற்றி வெளியே எடுத்து, விளிம்பில் நீல உறையை மெல்லக் கீறினேன். தோல் உரிப்பதுபோல் எளிதாக வந்தது. அடியில் இன்னோர் உறை. வெயிலில் வெளுத்த சாம்பல் நிறம். அதன்மேல் பாதி கிழிந்த ஒட்டுத்தாள்: தலையில் நட்சத்திரத்தைச் சூடிக்கொண்டு சிரிக்கும் திராட்சைக் கொத்து.

அந்தத் திராட்சையை ஊரில் எல்லோருக்கும் தெரியும். சுற்றுலாக்காரர்களுக்கு ஒரு கையில் பிஸ்கோ மதுவைக் கொடுத்து, தொலைநோக்கியில் சனியின் வளையத்தைக் காட்டும் நொல்பெர்த்தோவின் வண்டியில் வரைந்திருப்பது அதுதான்.

அவன் ரொட்டியை அடுப்பு மேடையில் வைத்தான்.

"உங்க பெட்டி பட்டறையில இருந்தப்ப, ஒரு வாரத்துக்குன்னுதான் எடுத்தேன்," என்றான். "என் பெட்டியில ஒரு செல் செத்துப்போச்சு. அந்த வாரம் பிரேசில்காரங்க ஒரு பஸ் நிறைய வர்றாங்க. மோட்டார் நின்னா மானம் போயிடும்."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்திருப்பீங்க."

"ஆமா."

"குடுத்துட்டு மலைக்குப் போகாம இருந்திருப்பீங்க. அதான் கேக்கலை."

இவ்வளவு அழகாகச் சொல்ல எத்தனை நாள் ஒத்திகை பார்த்தான் என்று தெரியவில்லை.

"மீட்டர்ல பாத்தேன், கொமாத்ரே. நல்லாத்தான் காட்டிச்சு. உங்க கேமரா என்ன பெருசா குடிச்சிடப்போவுதுன்னு நெனச்சேன்."

"வேலை குடுத்துப் பாக்காம மீட்டரை நம்பாதீங்கன்னு எனக்குச் சொன்னது யாரு?"

அவன் விரலில் ஒட்டியிருந்த வெண்ணெய்ப்பழத்தைச் சட்டையில் துடைத்தான்.

"உறையைப் புதுசா மாட்டுனீங்க. சரி. பேரை யாரு எழுதினது?"

"நான்தான்."

"எதால?"

"உங்க நகப்பூச்சு பட்டறையிலேயே இருந்துச்சு."

நான் பார்த்தேன். அதே சிவப்பு. அடியில் நான் போடும் சின்ன நாய்வாலைக்கூட விடவில்லை. நிதானமாக, கை நடுங்காமல் வரைந்திருந்தான். செல்லை எடுத்ததைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன் என்று தோன்றியது. அந்த வாலைத்தான் மறக்க முடியாது. அதை வரையும்போது அவன் என்னை நினைத்திருக்க வேண்டும்.

"கூட்டத்துல நான் எந்திரிச்சுப் பழியை ஏத்துக்கிட்டப்ப, பக்கத்துலதானே இருந்தீங்க?"

"வாயைத் திறக்கணும்னு பாத்தேன். எல்லாரும் இருந்தாங்க."

"அதுக்குப் பதிலா எம்பனாதா வெச்சீங்க."

"யஸ்னா..."

கொமாத்ரே என்று சொல்ல அவனுக்கே வாய் வரவில்லை.

வெளியே சரளையில் டயர் உரசும் சத்தம் கேட்டது. சன்னல் வழியே வெள்ளை பிக்கப் தெரிந்தது. தோன்யா மிரேயா இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வாசல் மர நிழலில் நின்றார். கேமரா அதன் கறுப்புப் பெட்டியில், துடைத்துவைத்தபடி, நாற்காலிமேல் இருந்தது.

"நாளைக்கே உங்க செல்லைக் கொண்டாந்துடறேன்," என்றான் வேகமாக. "நாலும் புதுசா, நானே வாங்கித் தர்றேன். வேற என்ன வேணும்னாலும்..."

உறை உரிந்த செல்லை அவன் கையில் வைத்தேன். தன்னையறியாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான், அன்றைக்குக் கோயிலில் பிள்ளையை வாங்கிக்கொண்டதுபோல.

"செல் வேண்டாம், நொல்பெர்த்தோ," என்றேன். "அவங்க உள்ள வர்றதுக்குள்ள இதை எடுத்துட்டு வெளிய போ. என் திருகு தளரலைன்னு நீ உன் வாயால அவங்ககிட்ட சொல்லு."