ருசி பார்ப்பவர் வீட்டு எண்ணெய்

தன் கணவரின் நெஞ்சைக் கெடுத்தது தன் கைக்கரண்டிதானோ என்னும் ஐயம், நாத்தனார் வெண்ணெய்ப் பாத்திரத்தோடு வந்து இறங்கிய அன்றுதான் அவள் உள்ளத்தில் புகுந்தது.

அதற்கு முன் அவளுக்கு இருந்தது வெறும் கவலை. மாடிப்படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கியது. அவர் வேலை பார்க்கும் ஆலையில் நடந்த பரிசோதனையில் இரத்தத்தில் கொழுப்பும் இரத்த அழுத்தமும் எல்லை கடந்திருந்தன. சர்க்கரையோ உள்ளே வரட்டுமா என்று வாசலில் நின்றது. செய்தி கேட்ட அவருடைய அக்காள் அடுத்த பேருந்திலேயே புறப்பட்டு வந்துவிட்டாள். வந்தவள் கைகால் கழுவுமுன் அடுக்களைக்குள் சென்று, சூரியகாந்தி எண்ணெய்ப் புட்டியைக் குற்றவாளியைப் பிடரி பிடித்துத் தூக்குவதுபோல் தூக்கினாள்.

"இதுதான் விஷம். விதையைப் பிழிஞ்சு, வெளுத்து, வாடை போக்கி விக்கிறாங்க. இதை ஊத்தி ஊத்தியே என் தம்பி ரத்தத்தைக் கெடுத்து வெச்சிருக்க."

"கரண்டியால அளந்துதான் அண்ணி ஊத்தறேன்."

"விஷத்தை அளந்து ஊத்தினா மருந்தாயிடுமா?"

கணவர் இருவருக்கும் நடுவில் மத்தளம்போல் நின்றார். அக்காளின் சீற்றம் தணிய வேண்டுமே என்று, "எனக்கும் கொஞ்ச நாளா இந்த எண்ணெய் ஒத்துக்காத மாதிரிதான் இருக்கு" என்றார். சமாதானத்துக்காக விட்ட அச்சொல் மனைவியின் நெஞ்சில் அம்பாய்ச் சென்று தைத்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைச் சட்டத்தில் பொருத்துபவள் அவள். மயிரிழை பிசகினாலும் பார்ப்பவர் உலகமே பிசகும் என்றறிந்த கை அவளுடையது. அந்தக் கையா இத்தனை ஆண்டுகள் நஞ்சை அளந்து வார்த்தது?

அன்று முதல் அடுப்பு நாத்தனாருடையதாயிற்று. காய்கறி வெண்ணெயில் மிதந்தது. மனைவி அடுக்களையை விட்டு விலகி நின்றாள். அந்தியில் விளக்கேற்றிக் கைகூப்பி நிற்பாள், 'என்னாலா இறைவா?' என்னும் வினா நாவின் நுனிவரை வரும். விடை வந்துவிடுமோ என்றஞ்சி அதை விழுங்கிவிடுவாள். கேட்டால் அருள்பவனிடம் கேட்கவும் அஞ்சுவது எத்தனை பெரிய தனிமை!

மருத்துவமனைக்கு மூவருமாகச் சென்றார்கள். மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. திரையில் முடிவுகளைப் பார்த்தபடியே, "இதயம் நல்லாதான் இருக்கு. பயப்படாதீங்க. ஆனா ரத்தம் இப்படி ஏன் ஆச்சுன்னு கண்டுபிடிக்கணும். என்ன சாப்பிடறீங்க?" என்றார்.

"எல்லாம் எண்ணெய்தான் டாக்டர்" என்று முந்திக்கொண்டாள் நாத்தனார்.

"அவர் சொல்லட்டும்."

அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். காலையில் இது, நண்பகலில் இது, இரவில் இது.

"இடையில?"

"ஒண்ணுமில்லைங்க. நொறுக்குத்தீனிப் பழக்கமே கிடையாது."

"ஆமாங்க" என்றாள் மனைவி. "வீட்டுல ஒரு பிஸ்கட்டைக் கூடத் தொடமாட்டார்."

மருத்துவர் நெற்றியைச் சுளித்தார். "என்ன வேலை பாக்கறீங்க?"

"உருளைக்கிழங்கு வறுவல் ஆலையில ருசி பாக்கறவன். அங்க என்னை நாக்குன்னுதான் கூப்பிடுவாங்க."

மருத்துவரின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன. "ருசி பாக்கறதுன்னா?"

"எண்ணெயிலிருந்து ஒவ்வொரு ஈடு வெளிய வரும்போதும் ஒரு பிடி எடுத்து மெல்லணும். மொறுமொறுப்பு, உப்பு, காரல் எல்லாம் பாத்துச் சரின்னு கையெழுத்துப் போடணும்."

"மென்னதை என்ன பண்ணுவீங்க?"

அவர் நாற்காலியில் நெளிந்தார். "துப்பறதுக்குன்னு ஒரு கிண்ணம் கொடுத்திருக்காங்க."

"துப்பறீங்களா?"

"சாப்பிடற பொருளைத் துப்ப மனசு வரலைங்க டாக்டர். பாவமில்லையா?"

"அப்ப காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் விழுங்கறீங்க."

"அது வேலைதானே டாக்டர். சாப்பாடு இல்லையே."

உணவைப் போற்றும் பண்பால் விழுங்கிய வறுவல், உணவே இல்லையென்று கணக்கிலிருந்து நழுவி, ஒரு மனிதரை உள்ளிருந்தே உப்பிலிட்டிருந்தது. வீட்டிலிருந்த இருவருக்கும் அது தோன்றவே இல்லை. கடலில் மீன் பிடிப்பவன் நனைந்து வந்தால் யார் ஏனென்று கேட்பார்?

முதலில் வாய் திறந்தவள் நாத்தனார். "ஏன்டா, நாள் பூரா மூட்டை மூட்டையா வறுவலை முழுங்கிட்டு, வீட்டுக்கு வந்து 'எண்ணெய் ஒத்துக்கலை'ன்னு என்கிட்டயே சொன்னியா?"

"நீ கோபமா இருந்தியேக்கா."

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க."

மனைவி மெல்லக் கேட்டாள்: "அப்போ... நான் வீட்டுல ஊத்தினது?"

மருத்துவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். வினாவின் கனம் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். விடையை நிதானமாகவே தந்தார். "நீங்க அளந்து ஊத்தின எண்ணெய் உங்க வீட்டுக்காரரைக் கெடுக்கலைம்மா. விதை எண்ணெய்னாலே விஷம்னு நிறையப் பேர் சொல்றாங்க. ஆய்வுகள் அப்படிச் சொல்லலை. வெண்ணெய்க்குப் பதிலா இந்த மாதிரி எண்ணெய் சேர்த்தா கெட்ட கொழுப்பு குறையறதைத்தான் பாத்திருக்கோம். எந்த எண்ணெயா இருந்தாலும், அதுல பொரிச்சு உப்புப் போட்டதை நாள் முழுக்கத் தின்னா உடம்பு தாங்காது. சமையலை நீங்க பழையபடியே பண்ணுங்க. மாத்த வேண்டியது அங்க."

நாத்தனார் தொண்டையைக் கனைத்தாள். "வெண்ணெய் கொஞ்சமா இருந்தா?"

"கொஞ்சம்னா எவ்வளவு?"

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். தம்பி கூரையைப் பார்த்தார். மருத்துவர் சிரித்துவிட்டார்.

ஆலையில் சிப்பம் கட்டும் பிரிவுக்கு மாற்றல் கேட்பதா, துப்பப் பழகுவதா என்று தம்பியும் அக்காளும் பேருந்தில் வழியெல்லாம் வழக்காடினார்கள். ஆலையிலிட்ட கரும்புபோல் பிழியப்பட்டுக் கிடந்த மனைவியின் நெஞ்சில் இப்போது ஒரு சொட்டுச் சுமையும் இல்லை. 'உன்னைக் கேட்க அஞ்சினேன். கேளாமலே தந்தாய்' என்று உள்ளுக்குள் ஒருமுறை தொழுதாள். அந்த வணக்கம் முடியுமுன்பே கண்ணிமைகள் கவிந்தன. தலை சாய்ந்து, அருகிலிருந்த நாத்தனாரின் தோளில் தங்கியது.

"அக்கா, எழுப்பு. இறங்கற இடம் வந்தாச்சு."

நாத்தனார் அசையவில்லை. தோளைக்கூடச் சற்றுத் தாழ்த்திக்கொண்டாள்.

"பேசாம உக்காருடா. தூங்கட்டும். தாண்டிப் போய் இறங்கி நடந்து வரலாம். உன் உடம்புக்கும் நடை நல்லதுதான்."