வெற்று ஆண்டுகள்

அந்த ஆகஸ்டுக்குள் எங்கள் மீன் கொட்டகையில் வயதானவர்களுக்கெல்லாம் மஞ்சள் உறை வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

ஓய்வூதியத்துக்கு இருபத்தைந்து ஆண்டு சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற விதி பத்து ஆண்டாகக் குறைந்திருந்தது. பத்தைத் தொட்டவர்களுக்கு அந்த மஞ்சள் உறையில் அரசே விண்ணப்பம் அனுப்பியது. நான் கட்டியது ஏழுதான்.

"எனக்கே வந்துடுச்சு, உனக்கு வரலையா கினுயோ-சான்? தபால்காரன் என் அழகுல மயங்கிட்டான் போல," என்றாள் தொகிகோ, கானாங்கெளுத்தியின் குடலை வழித்தபடியே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயது எழுபத்தொன்று, முழங்கால் வீங்கிக் கிடந்தது. நண்டுப் பருவம் முடிந்ததும் கொட்டகையை மூடப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"எந்திரி, போய்க் கேட்டுடலாம். கேட்டா கடிச்சா வெச்சிடுவாங்க?" என்று யொனாகோ நகரத்து ஓய்வூதிய அலுவலகத்துக்கு அவளே இழுத்துக்கொண்டு போனாள்.

சாளரத்தில் இருந்த பெண்ணின் பெயர் ஓகுரா. திரையில் என் குடும்பப் பெயரைப் பார்த்துவிட்டு, "ஹோஷினோ-சான், உங்களுக்கு எப்பவாவது கல்யாணம் ஆகியிருந்துதா?" என்று கேட்டாள்.

பக்கத்து நாற்காலியில் தொகிகோ. கொட்டகையில் நான் கல்யாணமே ஆகாதவள். மேற்கொண்டு யாரும் கேட்கக் கூடாதென்று வந்த நாளிலேயே அப்படிச் சொல்லி வைத்திருந்தேன். 'இல்லை' நாக்கு நுனிவரை வந்தது.

"ஆறு வருஷம்," என்றேன். "அவர் காகித ஆலையில மாசச் சம்பளக்காரர்."

ஓகுராவின் முகம் மலர்ந்தது. மாதச் சம்பளக்காரரின் மனைவி தனியாகச் சந்தா கட்ட வேண்டியதில்லை என்பது அந்தக் காலத்துச் சட்டமாம். கட்டாத அந்த ஆண்டுகளுக்கு 'வெற்றுக் காலம்' என்று பெயர். பத்து ஆண்டுத் தகுதிக்குச் சேரும், தொகைக்குச் சேராது. என் ஏழோடு அந்த ஆறும் சேர்ந்தால் பதின்மூன்று.

"அவர் பேரும் பிறந்த தேதியும் ஞாபகம் இருக்கா?"

"கஜிதானி ஷோசாகு." நாற்பது ஆண்டாக வாயில் வராத பெயர். பிறந்த தேதியும் தடங்கலின்றி வந்தது. அதுதான் வெட்கமாக இருந்தது.

"இருக்கு, பதிவு கிடைச்சிடுச்சு. குடும்பப் பதிவு நகலை மட்டும் கொண்டு வாங்க, போதும்."

"அவர்... உயிரோட இருக்காரா?"

"அதை நாங்க சொல்லக் கூடாதுங்க. மன்னிச்சுக்குங்க." தலை குனிந்தாள்.

பேருந்தில் பாதி வழியில் தொகிகோ என் கையைக் கிள்ளினாள்.

"இத்தனை வருஷம் பக்கத்துலயே நின்னு மீன் அறுத்தேன், கள்ளி! நல்ல மனுஷனா?"

"தெரியலை. அதிகம் பேசமாட்டார்."

"பேசாமலே பென்ஷன் வாங்கிக் குடுத்துட்டாரே!"

அதற்குச் சிரித்துவிட்டேன்.

டிசம்பர் பதினைந்தாம் தேதி முதல் பணம் அஞ்சலகக் கணக்கில் விழுந்தது. கட்டிய ஏழு ஆண்டுக்கு உரியது; அந்த ஆறு ஆண்டுக்கு ஒரு யென்கூட இல்லை. கணக்குப் பார்த்தால் மாத வாடகைக்குப் பாதிதான் தேறும். ஆனால் சாகும்வரை வரும்.

துறைமுகக் கடையில் பெண் நண்டு இரண்டு வாங்கினேன். தொகிகோவைக் கூப்பிடலாமென்று தொலைபேசி செய்தேன். பேரப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்றாள், பின்னால் ஒரே கூச்சல். நண்டின் ஓட்டைப் பிளந்தபோதுதான் கஜிதானி முட்டையை முதலில் தோண்டித் தின்பவர் என்பது நினைவுக்கு வந்தது. உயிரோடு இருந்தால் அவருக்கும் இன்று பணம் விழுந்திருக்கும்.

இரண்டு நண்டையும் நானே தின்றேன், முட்டையைக் கடைசியில்.