சின்ன ஹாலுக்கு வந்த நூறு பேர்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதிரே நிற்பது மனுஷனா மரக்கட்டையா என்றே தெரிவதில்லை என்பது தியேட்டர் கேட்டுக்காரரின் நீண்ட நாள் குறை. காதில் போனை ஒட்டிவைத்தபடி வருகிறார்கள். தபால்பெட்டிக்குள் கடிதம் போடுவதுபோல் டிக்கெட்டை நீட்டுகிறார்கள். கிழித்துக் கொடுத்த பாதியை வாங்கிக்கொண்டு, பேச்சு அறுபடாமல் உள்ளே போய்விடுகிறார்கள். அவர்கள் முகம் காட்டாததால் இவரும் முகம் பார்ப்பதை விட்டுப் பல வருஷமாகிறது. கைகளைத்தான் பார்ப்பார். நகம் கடித்த கை, மோதிரத்தைக் கழற்றி ஒளித்துவிட்டு வேறு யாருடனோ படத்துக்கு வந்த கை, டிக்கெட்டை வியர்வையில் ஊறவைத்துத் தரும் கை. முகம் பொய் சொல்லும், கைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டம் அப்படியில்லை. அவர்கள் அவரைப் பார்த்ததும் நின்று, இடுப்பை மடித்துக் குனிந்து வணங்கிவிட்டு டிக்கெட்டைத் தந்தார்கள். பாதிப் பேர் படத்தில் வருகிறவர்கள்போல் வேஷம் கட்டியிருந்தார்கள். ஒருத்தி காதுக்கு மேல் பூனைக்காது வைத்திருந்தாள். ஒருவன் அட்டையில் செய்த வாளை நிலைப்படியில் இடிக்காமல் சாய்த்துக்கொண்டு வந்தான். எல்லோருக்கும் தலைவன்போல் ஒருவன், நீல நிறப் பொய்முடி வைத்தவன். வயது முப்பத்தைந்துக்குக் குறையாது. மற்ற ஆறு நாளும் எங்கோ உட்கார்ந்து பல் செட் செய்கிறவனாம். "வணக்கம் பெரியவரே" என்று அவன்தான் எல்லோரையும்விட ஆழமாகக் குனிந்தான். கும்பிடு பெரிசாக இருந்தால் மடியைத் தடவிப் பார்த்துக்கொள் என்று கேட்டுக்காரர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"அப்பா, அவங்கள முறைக்காதீங்க," என்றாள் மகள்.

"முறைக்கலம்மா. என் மூஞ்சியே அப்படித்தான்."

அந்தத் தியேட்டரில் இரண்டு ஹால். பெரியதில் படம் ஓடும். சின்னதில் மூன்று வருஷமாகத் தூசிதான் ஓடிக்கொண்டிருந்தது. அதை சோபா விற்கிறவருக்கு விட்டுவிடலாம் என்று முதலாளி முடிவெடுத்திருந்த நேரத்தில்தான், சின்ன ஹாலைப் பார்த்துக்கொள்ளும் கேட்டுக்காரரின் மகள் இந்த ஜப்பான் படங்களைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பொம்மைப்படம். ஒரே கதை, பன்னிரண்டு பாகம். தமிழில் பேச வைத்திருந்தார்கள். ஆனால் மூன்று பாகத்துக்குத்தான் பேச வைத்திருந்தார்கள். இது சின்ன ஊர், சின்ன வியாபாரம், இங்கே ஆள் சேருமா என்று படம் கொடுக்கிற கம்பெனிக்குச் சந்தேகம். மூன்று ஞாயிறு, ஞாயிறுக்கு நூறு பேர் வந்தால் மீதி ஒன்பதையும் தமிழில் தருவார்கள், சின்ன ஹாலும் பிழைக்கும். வராவிட்டால் அத்தோடு சரி. கம்பெனி வேறு ஊருக்குப் போகும், சோபா உள்ளே வரும், மகளின் மேசை வெளியே போகும். இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு தனியாக நிற்கிறவள் அவள்.

கம்பெனியிலிருந்து வந்த அம்மாள் முதல் ஞாயிறன்றே கேட்டுக்காரரின் உள்ளங்கையில் ஒரு சின்ன எண்ணும் மெஷினைத் திணித்தாள். ஒரு ஆள் உள்ளே போனால் ஒரு அமுக்கு. டிக்கெட் விற்ற கணக்கை அவள் நம்பவில்லை. மற்ற ஊர்களில் ரசிகர்களே கட்டுக்கட்டாக வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டுக் கணக்குக் காட்டினார்களாம். "உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்கய்யா. நீங்க உங்க நிழலையே யாருடா நீன்னு கேப்பீங்களாமே," என்றாள். அது புகழ்ச்சியா நையாண்டியா என்று அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அமுக்கினார். முதல் வாரம் நூற்று நான்கு. இரண்டாவது வாரம் நூற்றுப் பன்னிரண்டு. அவர் வாயாலேயே சொன்னார், அவள் எழுதிக்கொண்டாள். மகள் அன்று வீட்டுக்குப் போகிற வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள்.

அவர் பேசவில்லை. ஏனென்றால் அந்த இரண்டாவது வாரம் சுண்டுவிரலில் கட்டுப் போட்ட ஒரு கை அவரிடம் டிக்கெட் நீட்டியிருந்தது. கோடு போட்ட சட்டைக்குள்ளிருந்து வந்த கை. கால் மணி நேரம் கழித்து அதே சுண்டுவிரல், அதே கட்டு, அதே கோணல் முடிச்சு, கறுப்புப் போர்வைக்குள்ளிருந்து வந்தது. மேலே நரி முகமூடி. அமுக்கிவிட்டார். அமுக்கிய பிறகுதான் மண்டைக்குள் பொறி தட்டியது. கழிப்பறைப் பக்கத்து நடை வழியாக வெளியே போனால் வண்டி நிறுத்துமிடம். அங்கிருந்து சுற்றி வந்தால் முன்வாசல். படம் தொடங்குவதற்கு முன்பே கழிப்பறைக்கு ஏன் இவ்வளவு வரிசை, இவர்களுக்கெல்லாம் என்ன நீர்க்கடுப்பா என்று இரண்டு வாரமாக யோசித்திருந்தார்.

அந்த வாரம் முழுக்க மகளைப் பார்த்தார். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, தட்டைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார். அவள் பாட்டு முணுமுணுத்தால், எதற்கு இவ்வளவு தெம்பு என்று தோன்றியது. போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனால், நீலமுடிக்காரன்தான் என்று தோன்றியது. பெற்ற பெண்ணை இப்படிப் பார்க்கிறோமே என்று ஒரு பக்கம் உறுத்தியது. ஆனாலும் எண்ணிக்கை கூடினால் யாருக்கு லாபம்? அந்தக் கேள்வியைத் தூக்கி எங்கே வைத்தாலும் அது அவள் மேசையில்தான் போய் உட்கார்ந்தது. அவளிடம் கேட்டிருக்கலாம். இல்லை என்று சொன்னால் நம்ப வேண்டும். நம்புவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

மூன்றாவது ஞாயிறு காலை, ஆபீஸ் மேசையிலிருந்து முத்திரை குத்துகிற ஊதா மைப்பட்டையை எடுத்துத் தன் ஸ்டூலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் முன்பு கட்டைவிரலை அதில் ஒற்றினார். கிழித்த பாதியைத் திருப்பித் தரும்போது வந்தவரின் விரலில் லேசாக ஒரு தேய்ப்பு.

"என்னமோ ஒட்டுது பெரியவரே," என்றாள் பூனைக்காது.

"டிக்கெட் மை. புதுசா அடிச்சு வந்திருக்கு. காயல."

பொய்க்குப் பொய். அவருக்கு உறுத்தவில்லை. பத்தே கால் வரை சுத்தமான விரல்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் அமுக்கினார். அதன்பிறகு ஊதா விரல்கள் வரத் தொடங்கின. சிவப்பு முடியில் ஒன்று, முகமூடியில் ஒன்று, முதுகில் துணியால் தைத்த சிறகோடு ஒன்று. குனிந்து வணங்கினார்கள். இவரும் தலையசைத்து டிக்கெட்டைக் கிழித்தார், உள்ளே விட்டார். மெஷினைத் தொடவில்லை. மனசுக்குள் மட்டும் எண்ணினார். முப்பத்தெட்டு.

நீலமுடிக்காரன் நிலைப்படி ஓரமாகவே நின்றுகொண்டிருந்தான். முப்பத்தெட்டாவது ஆள் போனதும் மெல்ல அருகே வந்தான்.

"பெரியவரே, மெஷின் சத்தமே வரலையே. ரிப்பேரா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. நீ வலது கையக் காட்டு."

அவன் காட்டினான். கட்டைவிரலில் ஊதா. அதைப் பார்த்தான், இவர் விரலைப் பார்த்தான். மைப்பட்டை ஸ்டூலுக்கு அடியில் திறந்தே கிடந்தது. நீலமுடிக்குக் கீழே அவன் முகம் சட்டென்று வயதாகிப்போனது.

"அடேங்கப்பா," என்றான் கடைசியில். "தேர்தல்லகூட இவ்ளோ கட்டுப்பாடு இல்ல."

"எத்தனை பேருடா நீங்க? நிஜமா?"

"அறுபது இருப்போம். சில வாரம் அறுபத்தஞ்சு. டிக்கெட் ஓசி இல்ல பெரியவரே, ஆளுக்கு ரெண்டு வாங்குறோம். யாரையும் ஏமாத்தல."

"என்னை ஏமாத்தின. ரெண்டு வாரமா என் வாயால பொய் சொல்ல வச்ச. இது யார் யோசனை? என் பொண்ணா?"

"அவங்களுக்குத் தெரியாது."

"நீ அப்படித்தான் சொல்லுவ."

அவன் பொய்முடியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். உள்ளே முன்வழுக்கை. "நாங்க பதினஞ்சு வருஷமா இந்தப் படத்தை எல்லாம் கீழ ஓடுற எழுத்தப் படிச்சுதான் பாக்குறோம். எங்களுக்குப் பரவால்ல. எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் பாக்குறப்ப பக்கத்துல உக்காந்து, என்னடா சொல்றான், என்னடா சொல்றான்னு கேட்டுக்கிட்டே இருக்கும். நான் எரிஞ்சு விழுவேன். இதுதான் அம்மா தானா காதால கேட்ட முதல் கதை. இன்னிக்கு உள்ள உக்காந்திருக்கு. நின்னு போச்சுன்னா மீதிய நான்தான் போய் வாயால சொல்லணும்."

கேட்டுக்காரர் குனிந்து மைப்பட்டையை மூடினார். கீழே ஓடும் எழுத்தைப் பற்றி அவருக்குத் தெரியும். முப்பது வருஷமாக வேற்றுமொழிப் படங்களுக்குக் கதவு திறந்துவிட்டவர், ஒன்றைக்கூட உள்ளே போய்ப் பார்த்ததில்லை. அவர் ஒரு வரியை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் திரையில் ஆளே செத்துப்போயிருப்பான். ஆனால் அதற்காக இவனை நம்பிவிட முடியுமா? மாட்டிக்கொண்டவன் முதலில் இழுப்பது அம்மாவைத்தான்.

அம்மா இருக்கிறாளா என்று பார்த்துவிடுவது என்று உள்ளே போனார்.

இருட்டு. திரையில் மழை. ஒரு பஸ் நிறுத்தத் தகரக் கூரையின் கீழே வரைந்த மனிதர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றுமே நடக்கவில்லை. கூரை விளிம்பில் ஒரு துளி உருண்டு, பெருத்து, தொங்கி, விழலாமா வேண்டாமா என்று யோசித்து, விழுந்தது. பிறகு இன்னொன்று. நல்ல தமிழ்க்குரல் ஒன்று, "இந்தா, தலையத் துடச்சுக்க. அப்புறம் சண்டை போடலாம்" என்றது. ஹால் முழுக்கச் சிரித்தது. கேட்டுக்காரர் அந்தத் துளியிலேயே நின்றார். யாரோ ஒருவன் இதை உட்கார்ந்து வரைந்திருக்கிறான். குழாயைத் திறந்துவிட்டுப் படம் பிடித்தால் ஆச்சு, அதை விட்டுவிட்டு ஒவ்வொரு துளியாக எதற்கு வரைய வேண்டும்? லாபமில்லாமல் எவனும் இவ்வளவு மெனக்கெட மாட்டான். இதில் என்னவோ இருக்கிறது.

"யாருப்பா அது, கம்பம் மாதிரி நடுவுல?" என்றது கீழே ஒரு குரல். நான்காவது வரிசையின் ஓரத்தில் கண்ணாடி போட்ட ஒரு கிழவி. மடியில் யாருடைய அட்டை வாளோ கிடந்தது. "பேசிட்டிருக்காங்கள்ல. ஒண்ணு உக்காரு, இல்ல நகரு."

"நீங்க அந்த நீலமுடிக்காரனோட அம்மாவா?"

"அதுக்கு இப்ப என்ன? அவன் வாங்கின கடனக் கேக்க வந்தியா? படம் முடியட்டும்." கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே கையால் அவரை ஓரம் தள்ளினாள்.

நகர்ந்தார். வெளியே வந்தபோது இடைவேளைக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. கம்பெனி அம்மாள் நோட்டோடு வாசலில் நின்றாள். பக்கத்தில் மகள், புதுச் செருப்பு போட்டுக்கொண்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டி நின்றாள். சின்ன வயசில் பரீட்சைத் தாள் கொடுக்கிற நாளில் அவள் அப்படித்தான் நிற்பாள்.

"சொல்லுங்கய்யா, இன்னிக்கு எவ்ளோ?"

மெஷின் அவர் கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. இன்னும் முப்பத்தொரு தடவை அமுக்கினால் போதும், நூறு. பாக்கெட்டுக்குள் வைத்தே அமுக்கலாம். யாருக்கும் கேட்காது. மகளின் முகத்தைப் பார்த்தார். தெரிந்தவள் முகமா, தெரியாதவள் முகமா என்று தேடினார். பல வருஷமாக முகம் பார்க்காத கண், ஒன்றும் அகப்படவில்லை.

"அறுபத்தொம்பது," என்றார்.

கம்பெனி அம்மாள் பேனாவை நிறுத்தினாள். "போன வாரம் நூத்திப் பன்னெண்டு சொன்னீங்களே."

"அது கதவைத் தாண்டின கணக்கு. சில பேரு ரெண்டு தடவை தாண்டிருக்காங்க. அதையும் அடிச்சுட்டு எழுதிக்குங்க, என் தப்பு. இது உள்ள உக்காந்திருக்கிற கணக்கு."

அவள் நீண்ட நேரம் எழுதினாள். ஒரு எண்ணை எழுத அவ்வளவு நேரம் ஆகாது. "அதுல பெரியவங்க எத்தனை பேருன்னு பாத்தீங்களா? இதுக்கு முன்னாடி இந்த மாதிரிப் படம் பாக்காதவங்க?"

"ஒருத்தி இருக்கா. என்னைத் தள்ளிவிட்டா."

அதையும் எழுதினாள். "மேல பேசிட்டுச் சொல்றேன்," என்று நோட்டை மூடினாள். மேலே பேசுகிறவர்கள் யாரும் கீழே பார்த்துச் சொன்னதாக அவருக்கு அனுபவமில்லை. அவள் போன் பேசத் தள்ளிப் போனதும் மகள் திரும்பினாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அவங்ககிட்ட சொல்லியிருக்கலாம்லப்பா."

"சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருக்க மாட்டேன்."

"உனக்குத் தெரியுமா தெரியாதா?"

அவள் அவரையே பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. "நான் தெரியாதுன்னு சொன்னா நம்புவீங்களா? சொல்லுங்க, சொல்றேன்."

அவர் அவள் கைகளைத் தேடினார், அவை முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன. அவள், இடைவேளைக்குக் கதவு திறக்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டாள். கேட்டுக்காரர் மெஷினை ஸ்டூலின் மேல் வைத்தார், சட்டையைத் தட்டிக்கொண்டார், படியிறங்கினார். இடைவேளைக்கு முன் அவர் தியேட்டரை விட்டு வெளியே போனது அதுவே முதல் தடவை.

சாலையில் வெயில் கண்ணைக் குத்தியது. தியேட்டர் மதில் முடிகிற இடத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவன் பெட்ரோல் பங்க் சீருடையில் இருந்தான். பின்னால் அவன் மனைவி, ஹெல்மெட்டைக் கழற்றத் தெரியாமல் வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, தமிழ் பேசுற ஜப்பான் படம் இங்கதானே?"

"யார் சொன்னா?"

"சுவத்துல ஒட்டியிருந்துச்சு. ஷிப்ட் முடிய லேட்டாயிருச்சு."

"நீலமுடிக்காரன் அனுப்பினானா?"

"எந்த முடிக்காரன்?"

"பாதிப் படம் முடிஞ்சு போச்சு."

"மீதிப் பாதி இருக்குல்ல," என்றாள் மனைவி, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

அவர் கையை மட்டும் வாசல் பக்கம் நீட்டினார். அவர்கள் அவசர அவசரமாகப் படியேறினார்கள். சீருடைச் சட்டை அவனுக்குத் தோளில் நிற்காமல் தொளதொளவென்று தொங்கியது. அளவெடுத்துத் தைத்தது இல்லை, வேஷத்துக்கு இரவல் வாங்கியதுபோல. கேட்டுக்காரர் ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.