ஜானகியம்மாள் கேட்ட வாடகை

ஐந்தாயிரமாக இருந்த வாடகையை ஏழாயிரமாக்கப் போவதாக ஜானகியம்மாள் சொன்னபோது சோபனா எதிர்த்துப் பேசவில்லை. "அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேம்மா" என்றதோடு சரி. வாளியில் மிச்சமிருந்த துணிகளைக் கொடியில் போட ஆரம்பித்தாள். ஜானகியம்மாளுக்கு அதுதான் உறுத்தியது. சண்டைக்கு வந்திருந்தால் பதில் கைவசம் இருந்தது.

சித்தேரி மலையிலிருந்து பிழைப்புக்காக இறங்கி வந்த சோபனாவும் அவள் கணவன் காளியனும் அதியமான்கோட்டையில் ஜானகியம்மாளின் பின்கட்டு வீட்டில்தான் சில வருடங்களாகக் குடியிருந்தார்கள். அவனுக்கு பைபாஸ் ஓரம் டயர் கடையில் வேலை. அவளுக்கு தர்மபுரியில் ஒரு ஜவுளிக்கடையில். மகளை உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள்.

ஜானகியம்மாளும் பேராசைக்காரி இல்லை. ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் குமாருக்கு அங்கே வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார். "நம்மூர்ல மனை விலை எங்கியோ போயிட்டுது. நீ மட்டும் பழைய வாடகையே வாங்கிட்டிருக்க. ஏத்தி, எனக்குக் கொஞ்சம் அனுப்பும்மா" என்று போனில் அவன்தான் நச்சரித்தான்.

ஏழாயிரம் கட்டுப்படியாகாது, மாதக் கடைசியில் காலி செய்துவிடுவதாக சோபனா சொன்னாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு தேடிப் போனவள் வெறுங்கையோடு திரும்பினாள்.

"வூடு காலியா இருக்குதும்மா. மலைமேல இருந்து வந்தவங்கன்னா யோசிக்கிறாங்க."

"நான் கூட வர்றேன் வா. நான் சொன்னா குடுப்பாங்க" என்று செருப்பை மாட்டினாள் ஜானகியம்மாள். வாடகையை ஏற்றிக் காலி செய்ய வைத்த குற்ற உணர்வுக்கு அது ஒரு பரிகாரமாகத் தோன்றியது.

அடுத்த சந்தில் வெங்கடாசலம் புதிதாகக் கட்டிய வீடு காலியாக இருந்தது. ஜானகியம்மாளைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போட்டார். "நீங்க சொன்னா போதுங்க, தாராளமா வரட்டும். வாடகை ஏழாயிரத்தி ஐநூறு."

"ஆறாயிரம்னு சொல்லிட்டிருந்தீங்களே?"

"அது முன்னாடிங்க. உங்க பழைய வூட்டுக்கே நீங்க ஏழுன்னு கேட்டிருக்கீங்க. தெரு பூராவும் அதத்தான் பேசறாங்க. புது வூட்ட நான் அதுக்குக் கீழ வுட முடியுங்களா?"

சோபனா முகத்தைத் திருப்பி வெளியே பார்த்தாள். ஜானகியம்மாளுக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஓசூரில் யாரோ ஒருவர் இப்படித்தான் பக்கத்து வீட்டைக் காட்டித் தன் மகனிடம் கேட்டிருப்பார் என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மகனைப் போனில் கூப்பிட்டாள். "ஐநூறுதான்டா ஏத்தப் போறேன். அதுக்கு மேல அவங்களால ஆவாது."

"அப்ப நான் என்ன பண்றது?"

"கொஞ்சம் தள்ளி வூடு பாரு, சாமி."

அவன் போனை வைத்துவிட்டான். பத்து நாள் பேசவில்லை. பிறகு ஓசூருக்கு வெளியே பாகலூர் பக்கம் சின்னதாக ஒரு வீட்டுக்குக் குடிபோனான். கம்பெனி பஸ் ஏற விடியுமுன் எழ வேண்டியிருக்கிறது என்று சொல்லும்போதெல்லாம் ஜானகியம்மாளுக்கு நெஞ்சு கனக்கும். வெங்கடாசலத்தின் வீட்டுக்கும் அவர் சொன்ன வாடகைக்கே ஆள் வந்துவிட்டது. தெருவில் யாரும் வாடகையை இறக்கவில்லை.

ஐநூறு சேர்த்த முதல் வாடகையைக் கொடுக்க வந்த சோபனா வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"வர்ற வருசமும் ஏத்துவீங்களாம்மா?"

ஜானகியம்மாள் பணத்தை வாங்கிக்கொண்டாள்.

"தெரியலம்மா" என்றாள். "ஏத்தறதா இருந்தா, மொதல்ல உங்கிட்ட உக்காந்து பேசறேன்."